கால் மைல் தெற்கே

படகுக்குக் கருவி வாங்க வருகிறவர்கள் கடையில் கால் வைத்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல எது நம்பிக்கையானது?" இருபத்தாறு வருஷமாக நான் சொல்லிவந்த பதிலும் ஒன்றுதான்: "கடைக்காரனைத் தவிர எல்லாமே." அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதன் பிறகு வியாபாரம் வழுக்கிக்கொண்டு போகும். ஜோக் என்று நினைத்துத்தான் சொல்லிவந்தேன். போன வருஷம் மே மாதத்திலிருந்து அது ஜோக் இல்லை, விவரம்.

ஷெர்லின் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது அந்தப் பதிலை நான் சொல்லவில்லை.

அவள் கணவன் ரிக்சன் கொரேரா தன் பாய்த்தோணியோடு கடலில் நண்டுப்பார் என்கிற பாறையில் மோதி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சாவுக்குக் காரணம் நான். தூத்துக்குடியில் இந்தச் சங்கதி தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் அப்போது கல்லாவுக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். கொலைகாரன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் அது பீற்றிக்கொள்வது ஆகிவிடும். கொலைகாரனுக்கு ஒரு திட்டம் இருக்கும், குறைந்தபட்சம் ஒரு கோபமாவது இருக்கும். எனக்கு இருந்தது சோம்பல்.

"வாம்மா. உக்காரு. மோர் சொல்லட்டுமா?"

"மோர் குடிக்க வரல அண்ணாச்சி. தோணி ரெடியாயிட்டு. அடுத்த மாசம் எறக்குதோம். சாமான் வாங்கணும்."

"எந்தத் தோணி?"

"அதே தோணிதான். அடிப்பலகை பூரா மாத்தியாச்சு."

"தண்டல் யாரு?" தோணியை நடத்துகிற தலைவனுக்கு எங்கள் ஊரில் தண்டல் என்று பெயர்.

"நாந்தான்."

டீசல் என்பது ராணுவமும் ஆம்புலன்சும் மட்டுமே குடிக்கிற பானமாகிவிட்ட பிறகு, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போகிற தோணிகள் எல்லாம் மறுபடி பாய் விரித்திருந்தன. ரிக்சன் கடலில் இருப்பான். ஷெர்லின் வீட்டு மாடி அறையில் ரேடியோவும் ஒரு திரையும் வைத்துக்கொண்டு காற்றையும் மழையையும் பார்த்து அவனுக்குச் சொல்வாள். ஒன்பது வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி அந்த ரேடியோவில்தான். இரண்டு பேரும் சண்டை போடுவதை மற்றத் தோணிக்காரர்கள் அலைவரிசையைத் திருப்பிக் கேட்டு ரசிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவள் ஒரு நோட்டைப் பிரித்தாள். முதலில் காற்றுமானி. நான் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று, கிண்ணங்கள் சுழல்கிற பழைய மாதிரி. இன்னொன்று அசையவே அசையாத புது மாதிரி. ஒலியை வைத்தே காற்றை அளந்துவிடும்.

"இதுல எது நம்பிக்கையானது?"

நான் இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினேன். "புதுசுதான் துல்லியம். பழசுல உப்பு ஏறிச்சுன்னா கிண்ணம் இறுகிக்கிட்டு நின்னுரும்."

"நின்னா கண்ணுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"புதுசு கெட்டா?"

"கெட்டாலும் ஏதாவது ஒரு நம்பரைக் காட்டிக்கிட்டேதான் இருக்கும்."

"அப்போ பழசக் குடுங்க. கெட்டா கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

படகுக் கருவிகளைப் பற்றி நான் நாலு இடத்தில் வகுப்பு எடுத்திருக்கிறேன், சான்றிதழ் எல்லாம் மாட்டி வைத்திருக்கிறேன். அவள் ஒரு வரியில் சொன்னதை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

திசைகாட்டியில் காந்தம் வைத்ததையே எடுத்தாள். தானாகச் சுக்கான் பிடிக்கும் இயந்திரத்தைக் காட்டினேன். தள்ளி வைத்தாள். அடுத்து நோட்டில் இருந்தது எக்கோ. கடலின் ஆழத்தை ஒலியனுப்பி அளக்கும் கருவிக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். ஆழத்தைப் பாகக் கணக்கில் காட்டும், ஒரு பாகம் ஆறடி.

"அவரு தோணில இருந்தது எந்த மாடல் அண்ணாச்சி? அது இருக்கா?"

"அது பழசும்மா. பரண்ல ஒண்ணு கெடக்கும். புதுசு பாரேன், கலர்ல காட்டும்."

"பழசுன்னா தப்பாக் காட்டுமா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"ஆழமா இருக்க எடத்துல ஆழம் கம்மின்னு காட்டும்னு யாராவது குறை சொல்லியிருக்காவளா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் கேட்ட விதம் சாமான் வாங்குகிறவள் கேட்கிற விதமாக இல்லை. மருத்துவரிடம் கேட்கிற மாதிரி இருந்தது. நான் யோசித்தேன்.

"மீன் கூட்டம் அடர்ந்து வந்தா அதையே தரைன்னு நெனச்சுக்கும். ஆயிரத்துல ஒரு தடவை நடக்கும்."

அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கடைசியாக, நான் பயந்துகொண்டிருந்த சாமான். மேலே அலமாரியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். அது இல்லாமல் எந்தப் படகையும் துறைமுகத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள்.

"இது எப்படி வேலை செய்யின்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரியாதுன்னு வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க."

"வானத்துலேர்ந்து வழி காட்டுன செயற்கைக்கோளெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாமப் போச்சுல்லா. எவனோ எவனையோ ஏமாத்த அலைவரிசையைக் குழப்பினான். நம்ம கடலும் சேந்து குருடாச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் இது. ஒவ்வொரு படகுலயும் ஒரு பெட்டி. ஒவ்வொண்ணும் 'நான் இங்க நிக்கேன், நான் இங்க நிக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். உன் பெட்டி அதையெல்லாம் கேக்கும். அந்தப் படகு அங்க, எனக்கும் அதுக்கும் இவ்வளவு தூரம், அப்போ நான் இங்கன்னு கணக்குப் போட்டுக்கும். கரையில கோபுரம் இருக்கு. ஆனா பத்து மைல் தாண்டிட்டா கோபுரம் கேக்காது. அக்கம்பக்கத்துப் படகு சொல்லுததுதான் வேதம்."

"ஒருத்தன் தப்பாச் சொன்னா?"

"மத்தவங்க சொல்லுததோட ஒத்துப் பாக்கும். ஒத்துவரலன்னா அவன் பேச்சை விட்டுரும்."

"பத்து பேர்ல ஒன்பது பேர் தப்பாச் சொன்னா?"

"ஒன்பது பேர் எதுக்கும்மா தப்பாச் சொல்லப் போறாங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விசாரணையில பெட்டியோட பதிவை எடுத்துப் பாத்தாங்க. நண்டுப்பாருக்கும் தெக்கே இருக்க மணல்திட்டுக்கும் நடுவுல அரை மைல் வழி. அவரு நட்ட நடுவுல போயிருக்காரு. பெட்டி அப்படித்தான் சொல்லுது. ஆனா தோணி கெடந்தது நண்டுப்பாரு மேல. அதனால, பெட்டியை அணைச்சிட்டு ஏதோ குறுக்குவழி போயிருக்காருன்னு எழுதிட்டாங்க. குடிச்சிருந்தாருன்னும் ரெண்டு பேர் சொன்னாங்க."

"ரிக்சன் குடிக்க மாட்டானே."

"அதை அன்னைக்கு அங்க சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. நீங்களுந்தான வந்திருந்திய."

வந்திருந்தேன். நிபுணர் என்று கூப்பிட்டிருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், 'பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை' என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மை. என் ஆயுளில் அதைவிடக் கேவலமான உண்மையை நான் சொன்னதில்லை.

இப்போது லாசர் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கடையில் ஈ மட்டும் இருக்கிற ஒரு மத்தியான நேரம். லாசர் அண்ணன், சின்னப் படகில் தூண்டில் போடுகிறவர், ஒரு சீலா மீனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

"லே கிளாட்சன், நீ வித்த பெட்டி சரியான கோள்மூட்டி லே."

"என்ன செஞ்சுது?"

"நான் எங்க நிக்கேன்னு கடல்ல இருக்க அத்தன பயலுக்கும் சொல்லிக் குடுக்கு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாத எடம் லே அது. நேத்து போறேன், அங்க ஆறு படகு நிக்கி. ஒருத்தன் எனக்குக் கை காட்டுதான்."

"பெட்டியை அணைச்சு வைங்க."

"அணைச்சா லைசென்ஸ் போயிரும்லா. பெட்டி பாட்டுக்குப் பேசட்டும். கொஞ்சம் தள்ளிப் பேசட்டும்."

"எவ்வளவு தள்ளி?"

"நீயே ஒரு அளவு போடு. பாவம் வராத அளவா."

மீன் கிடக்கிற இடத்தை மறைப்பதை எங்கள் கரையில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. நண்டுப்பார் எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாறையின் எந்த இடுக்கில், எந்த மாதம், எந்த மீன் அடையும் என்பதுதான் ஒருவனுடைய தொழில். அதை அப்பன் மகனிடம் சொல்வான், மருமகனிடம் யோசித்துச் சொல்வான். கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட இதை யாரும் ஒரு பாவமாக எடுத்துப்போவதில்லை. அதனால் எனக்கும் உறுத்தவில்லை. பாவம் வராத அளவு கால் மைல் என்று முடிவு செய்தேன். திசை தெற்கு. ஏன் தெற்கு என்றால், என் நாற்காலி தெற்கே பார்த்துப் போட்டிருந்தது.

அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார், ஒரு கூடை நகரை மீனோடு. அதற்கடுத்த வாரம் இருவர், தனித்தனியாக. ஒவ்வொருவரும் கதவைச் சாத்திவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் ஒருத்தன் மட்டுந்தான், வெளியில தெரியவேண்டாம்." இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேரும் தான் ஒருவன்தான் தள்ளிச் சொல்கிறோம், மற்ற நாற்பது பேரும் யோக்கியர்கள் என்று நம்பினார்கள். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே நின்றுபோயிற்று. என் மனைவி, "நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன, கடல் நடந்து வருதா?" என்று கேட்டாள். நான் நல்லவன், அதனால் தருகிறார்கள் என்றேன். அவள் அதை நம்பவில்லை. மீனை மட்டும் சமைத்தாள்.

ஒவ்வொருவருக்கும் வேறு வேறு திசை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வடக்குப் பொய்யும் தெற்குப் பொய்யும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, நடுவில் உண்மை மிஞ்சியிருக்கும். திசையை மாற்றி எழுத ஒரு பெட்டிக்கு மூன்று நிமிஷம் ஆகும். நான் லாசர் அண்ணனுக்கு எழுதியதையே நாற்பது முறை நகல் எடுத்துப் போட்டேன். நாற்பது மூன்று நூற்றிருபது. இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தேன் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை. தூங்கியிருப்பேன்.

மற்ற மாதங்களில் இதனால் ஒன்றும் ஆகவில்லை. பாய் கட்டிய பெரிய வலைப்படகுகள் நூற்றுக்கணக்கில் கடலில் இருக்கும். அவை மீனைத் துரத்துகிறவை, மறைக்க அவற்றுக்கு ஓர் இடம் கிடையாது, உள்ளதைச் சொல்லும். அந்தக் கூட்டத்தில் நம் ஆட்களின் பேச்சு எடுபடாது. ஆனால் மே மாதம் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று பெரிய படகுகளையெல்லாம் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். சின்னப் படகுகள் மட்டும் போகலாம். அன்று சாயங்காலம் ரிக்சனின் பெட்டிக்குக் காது எட்டிய தூரத்தில் பதினேழு படகு இருந்தது. பிறகு பெட்டியின் பதிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். அதில் பதினைந்து என் கைவேலை. மீனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பெட்டியின் மேல் துண்டைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துப் போகிறவர்கள். பெட்டியைப் பார்த்துப் போனவன் ரிக்சன் ஒருவன். கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். பெட்டி அவனிடம் நீ வழியின் நடுவில் போகிறாய் என்றது. அவன் அதற்குக் கால் மைல் வடக்கே இருந்தான். அங்கே நண்டுப்பார் இருந்தது. உடன் போன ஐந்து பேர் மழையில் முன்பக்கம் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், பின்னால் சுக்கானடியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். பாய்க்கயிற்றில் சிக்கிய ஒருவனைக் கயிறறுத்து விடுவித்த தண்டல் மட்டும் பிழைக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் ஷெர்லின். "இந்தப் பெட்டியை நம்பலாமா, கூடாதா?"

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. 'நம்பலாம்' என்று சொல்லி, ரசீது எழுதி, மோர் வரவழைத்து, அவள் போன பிறகு நாற்பத்தொரு பெட்டியையும் ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ரிக்சன் மட்டும் குடிகாரனாகவே இருந்துவிட்டுப் போவான். பதினோரு மாதமாக அந்த வழியில்தான் இருந்தேன், அந்த நாற்பத்தொரு பெட்டிகளைத் தொடக்கூடப் பயந்துகொண்டு.

"நம்பக் கூடாது," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சீலா மீன், தெற்கு, நகல், தடைக்காலம், பதினேழு, பதினைந்து. இரண்டு இடத்தில் என் வாய் பழக்கதோஷத்தில் வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தது, அதை நிறுத்தினேன். சொல்லி முடித்ததும் ஒரு மாதிரி லேசாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதிகூட வந்தது. அவன் பெயரை அவளுக்கு மீட்டுக் கொடுத்துவிட்டேன் அல்லவா? என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, எக்கோவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்த வரியைப் பார்த்தாள்.

"மீன் கூட்டம்னு ஒண்ணு சொன்னியள்லா. ஆயிரத்துல ஒரு தடவை."

"ஆமா."

"அன்னைக்கு அது இல்ல?"

"இல்லம்மா. எக்கோ பாத்தது பாறையைத்தான். எக்கோ சரியாத்தான்..." அங்கேதான் எனக்கு உறைத்தது. "எக்கோ என்ன காட்டுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பேனாவை மூடினாள்.

"நாலு மணிக்கு ரேடியோல கூப்பிட்டாரு. அங்க மழை அடிச்சு ஊத்துது, முன்னால ஒண்ணும் தெரியல. 'எக்கோ ஆறு பாகம் காட்டுது ஷெர்லி, கொறஞ்சுக்கிட்டே வருது. பெட்டிக் கணக்குக்குப் பதினெட்டு பாகம் இருக்கணும். எதைப் பாக்கட்டும்'னாரு. என் திரையில பாத்தேன். பெட்டி சொல்லுத எடந்தான் அதுலயும் தெரியும். வழிக்கு நடுவுலதான் நிக்காரு. 'எக்கோ பழசு, அதைப் போயி பாத்துக்கிட்டு இருக்கிய, பெட்டியப் பாத்து வாங்க'ன்னேன். 'சரி'ன்னாரு."

வெளியே சைக்கிளில் ஐஸ் கொண்டுபோகிறவன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அவரு என்னைக்குமே சரின்னு சொன்னதில்ல அண்ணாச்சி. நான் மழைன்னா வெயிலும்பாரு. அன்னைக்குன்னு பாத்து சரின்னுட்டாரு."

அவள் நோட்டையும் மூடி வைத்தாள்.

"விசாரணையில கேட்டாங்க, கடைசியா உங்ககிட்டப் பேசினாரான்னு. சிக்னல் கெடைக்கலன்னுட்டேன். குடிச்சிருந்தாருன்னு சொன்னப்பவும் வாயத் தொறக்கல. வாயத் தொறந்தா அடுத்த வார்த்தை இதுதான வரும்." அவள் குரல் உயரவே இல்லை. "இன்னைக்கு எக்கோ கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சொன்னது சரிதான், அதுக்கப்புறம் அவரா என்னமோ செஞ்சிட்டாருன்னு இருந்துருப்பேன். அதைக் கேக்கத்தான் வந்தேன். சாமானெல்லாம் சும்மா."

நான் அவளுக்குக் கொடுத்த பரிசு என்ன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு மாதம் தைரியம் சேர்த்து, 'உன் புருஷனைப் பாறைக்கு அனுப்பியது உன் வார்த்தைதான்' என்பதை ஒரு பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"ஷெர்லின், இங்க பாரு. உன் எடத்துல யாரு இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நானே இருந்தாலும் பெட்டியத்தான் பாக்கச் சொல்லியிருப்பேன். அந்த எக்கோவும் நெசமாவே பழசுதான். ரெண்டு மூணு பேர் வந்து குறை சொன்ன ஞாபகம்கூட..."

"மறுபடியும் தெக்கே தள்ளாதிய அண்ணாச்சி," என்றாள்.



அவள் எழுந்து, பரணில் கிடந்த அந்தப் பழைய எக்கோவைத்தான் எடுத்துத் தரச் சொன்னாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். தூசியைத் தன் முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை நடந்த ஆபீஸத் தொறப்பாங்க. வாரியளா?"

"வாரேன்."

அன்று சாயங்காலம் லாசர் அண்ணனைத் தேடிப்போனேன். படகடியில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நான் ஒருத்தன்தானலே கேட்டேன்?" என்றார்.

"நாப்பத்தொரு பேரும் அதேதான் சொன்னாங்கண்ணே."

அவர் வலையை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்ததை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "ரிக்சனைத் தண்ணியிலேர்ந்து தூக்கினது நாந்தாம்லே. என் படகுதான் பக்கத்துல நின்னுது." நான் கிளம்பும்போது தன் பெட்டியைக் கழற்றி, துண்டில் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்த அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது. நான் சொன்னதைக் கேட்டு முதலில் எழுதினார், பிறகு எழுதுவதை நிறுத்தினார், பிறகு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"அப்ப பெட்டி சரியாத்தான் கேட்டிருக்குதுங்க. சொன்னவங்கதான் சரியில்ல."

"ஆமா சார். அவங்க சொன்னது ஆளுக்கொரு சின்னப் பொய். அதைச் சேத்துக் கட்டி ஒரே பொய்யாக்குனது நான்."

"உங்க கடை உரிமம் போயிடுமுங்க. அதோட நிக்காது, வழக்கும் வரும்."

"வரட்டும். அதுக்கு முன்னால பெட்டியெல்லாம் நேராக்க எனக்கு ஒரு வாரம் குடுங்க. இந்தத் தடவை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உக்காந்து செய்யுதேன்."

அவர் ஷெர்லின் பக்கம் திரும்பினார். அவள் ரேடியோ பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முன்பு விசாரணையில் சொன்னது பொய் என்பதையும் அவளே சொன்னாள். அதிகாரி அதற்குத் தனியாக ஒரு தாள் எடுத்தார். எழுதி முடித்து, பழைய அறிக்கையைத் திரையில் கொண்டுவந்தார்.

"இதுல 'தண்டலின் தவறு'ன்னு ஒரு பத்தி இருக்குதுங்க. அதை எடுத்துடலாம். ஆனா அந்த இடத்தைச் சும்மா விட முடியாது. கடைசி நேரத்துல தண்டல் என்ன செஞ்சாருன்னு ஒரு வரி வேணும்."

ஷெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் கடல் தெரியவில்லை, அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது.

"கேட்டாரு," என்றாள்.

"என்னங்க?"

"வேற ஒண்ணும் செய்யல சார். கேட்டாரு. அவ்வளவுதான்."

அவர் கொஞ்சம் யோசித்துத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'ஐயம் எழுந்தவுடன் தண்டல் கரையிலிருந்த துணைவியாருடன் கலந்தாலோசித்தார்' என்று இருந்தது.

"கலந்தாலோசனையெல்லாம் இல்ல சார். கேட்டாரு."

அவர் அந்தச் சொல்லை அழித்தார். 'கரையில் கேட்டார்' என்று தட்டி, தாளை அச்செடுத்து நீட்டினார். பதில் சொன்னவர் என்று ஓர் இடம் காலியாக விட்டிருந்தார். ஷெர்லின் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக, அங்கே தன் பெயரை எழுதினாள்.